மூன்று முறை உலகச் சாம்பியன்! அடக்கம் செய்யப் பணம் இல்லை!

சீட்டாட்டத்தையே பிழைப்பாகக் கொண்டவரின் கதை

போடிநாயக்கனூரில் "ஏலம்" என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, மலையில் விளையும் ஏலம். மற்றொன்று, அதைப் போட்டி போட்டுக் கேட்கும் ஏலம். ஆக, இந்த ஊரில் நடப்பது ஏலத்தின் ஏலம்!

ஊரில் நின்று மேற்கே பார்த்தால் மலை. 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் போடிமெட்டு. அதற்கு அப்பால் கேரளம். அங்கே மரநிழலில் ஏலத்தோட்டங்கள். விடியும் முன்பே ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து மலை ஏறுகிறார்கள், தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் பறித்த காய் ஸ்டோரில் காய்ந்து, மூடையாகி, போடிக்கும் இடுக்கி மாவட்டத்தில் உள்ள புற்றடிக்கும் ஏலத்துக்கு வருகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் அந்த ஏலம் நடக்கிறது.

முன்பெல்லாம் வாயால் கூவிக் கேட்டார்கள். 2007-ல் கம்ப்யூட்டர் வந்தது. வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். பச்சை நிறம் இருக்கிறதா? காய் பருமனாக இருக்கிறதா? பிளந்தால் உள்ளே அரிசி கருப்பாக, கமகமவென்று இருக்கிறதா? பார்த்துவிட்டு, பேசாமல் பொத்தானை அமுக்குகிறார்கள். "இந்தக் காய் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது" என்று முகத்தில் காட்டிக்கொண்டால் அடுத்தவர் விலையை ஏற்றிவிடுவார். ஆகவே முகத்தில் ஒன்றும் தெரியாது.

விலை இருக்கிறதே, அது மலைப்பாதையைவிட மோசம். 2018-ல் கேரளத்தில் பெருவெள்ளம். அடுத்த ஆண்டு மழை பொய்த்தது. சரக்கு குறைந்தது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7 ஆயிரம் ரூபாய் வரை போயிற்று! 2022-ன் தொடக்கத்தில் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கிவிட்டது. அதே மலை, அதே காய், அதே மணம். நம் ஊரில் நன்றாக விளைந்தாலும் விலை விழும். பூமியின் மறு பக்கத்தில் உள்ள குவாத்தமாலா நாட்டில் நன்றாக விளைந்தாலும் விலை விழும்.

"ஏலத்தோட்டம் வைத்திருப்பதும் ஒன்று, சூதாடுவதும் ஒன்று" என்று ஒரு தடவையாவது அலுத்துக்கொள்ளாத தோட்டக்காரர் இருக்க முடியாது.

அது சரியா? நிஜமான சூதாட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்த ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். அவர் கதையைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

அவர் பெயர் ஸ்டூ அங்கர். "போக்கர்" என்ற சீட்டாட்டத்தில் மூன்று முறை உலகச் சாம்பியன். போக்கர் ஆடியவர்களிலேயே இவரைப் போல மூளைக்காரர் கிடையாது என்று இன்றைக்கும் பலர் சொல்லுகிறார்கள்.

போக்கர் என்றால் என்ன?

நம் ஊரில் ரம்மி தெரியாதவர்கள் குறைவு. போக்கரும் அதே 52 சீட்டு ஆட்டம்தான். ஆனால் சேர்க்கும் வேலை குறைவு. பந்தயம் கட்டும் வேலை அதிகம்.

இப்போது பெரும்பாலும் ஆடப்படும் முறை இது: ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு. அதை அவர் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். மேசை நடுவில் ஐந்து சீட்டு, எல்லோரும் பார்க்கத் திறந்து வைக்கப்படும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று. ஏழு சீட்டில் சிறந்த ஐந்து சீட்டை யார் சேர்க்கிறாரோ அவருக்கு வெற்றி. ஒவ்வொரு முறை சீட்டு திறக்கும்போதும் பந்தயத்தை ஏற்றலாம். பயந்தவர் சீட்டை மடக்கிப் போட்டுவிட்டு விலகலாம்.

இங்கேதான் வேடிக்கை. கையில் ஒன்றுமே இல்லாதவரும் பெரிய பந்தயம் கட்டலாம். எதிரி பயந்து விலகிவிட்டால் பணம் அவருக்கே! ஆகவே சீட்டைப் படித்தால் போதாது. ஆளைப் படிக்க வேண்டும். அவர் நிஜமாகவே நல்ல சீட்டு வைத்திருக்கிறாரா? புளுகுகிறாரா? விரல் நடுங்குகிறதா? மூச்சு வேகமாக வருகிறதா?

இதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் நாள் முழுவதும் உற்சாகமாகப் பந்தயம் கட்டுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அவர்கள் செய்யும் வேலையில் பெரும்பகுதி சீட்டை மடக்கிப் போடுவதுதான். மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள். வரவு செலவு எழுதி வைப்பார்கள். கையிருப்பில் ஒரு சிறு பங்குக்கு மேல் ஓர் ஆட்டத்தில் வைக்கமாட்டார்கள். சுருக்கமாகச் சொன்னால், நல்ல போக்கர்காரரின் வாழ்க்கை ஒரு மளிகைக் கடைக்காரரின் வாழ்க்கையைப் போலச் சலிப்பானது.

ஸ்டூ அங்கர் அப்படிப்பட்ட கடைக்காரர் அல்ல.

பத்து வயதுச் சிறுவன்

1953-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந் தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். தகப்பனார் மதுக்கடை நடத்தினார். கடை என்பது பெயருக்கு. உள்ளே பந்தயம் பிடிப்பது, வட்டிக்கு விடுவது. பையன் வளர்ந்த சூழ்நிலை அது.

"ஜின் ரம்மி" என்று ஓர் ஆட்டம். நம் ரம்மிக்குத் தம்பி முறை. இரண்டு பேர் ஆடுவது. பத்து வயதில் ஒரு போட்டியில் பெரியவர்களோடு உட்கார்ந்து ஜெயித்துவிட்டான் சிறுவன் ஸ்டூ. எதிரி எந்தச் சீட்டை எடுத்தான், எதைப் போட்டான் என்பது அத்தனையும் அவன் மனதில் அச்சடித்தாற்போல் பதிந்துவிடும். ஆட்டம் பாதி நடக்கும்போதே எதிரியின் கையில் உள்ள சீட்டை ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவான்.

1967-ல் தகப்பனார் மாரடைப்பால் இறந்துபோனார். பையனுக்கு அப்போது 13 வயது. தாயாரோ பக்கவாதத்தால் முடங்கிவிட்டார். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. சீட்டாட்டம் பொழுதுபோக்காக இருந்தது போய், அடுப்பு எரிய வேண்டுமானால் ஆட வேண்டும் என்று ஆயிற்று. நியூயார்க்கின் ரவுடிக் கூட்டத்தைச் சேர்ந்த விக்டர் ரோமனோ என்பவர் அந்தப் பையனுக்குக் காவலாக நின்றார். பையன் வாய்த்துடுக்கு உள்ளவன். தோற்றவர்களைக் கேலி செய்வான். காவல் மட்டும் இல்லாவிட்டால் பல நாள் அடி விழுந்திருக்கும்.

ஜின் ரம்மியில் பெயர்பெற்ற கில்லாடிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவராகத் தோற்றார்கள். ஹாரி ஸ்டைன் என்ற பெரிய ஆட்டக்காரர் 86 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்றார் என்றும், அதன் பிறகு அவர் சீட்டு மேசைப் பக்கமே வரவில்லை என்றும் சொல்வார்கள்.

இது பெருமைதான். ஆனால் தொழிலுக்கு ஆபத்து! தோற்பவர் இருந்தால்தானே ஜெயிப்பவருக்குச் சோறு? "ஸ்டூ அங்கரா? வேண்டாம்" என்று எல்லோரும் எழுந்து போனார்கள். "கட்டின் கடைசிச் சீட்டை நீ பார்த்துக்கொள். அப்புறம் ஆடுவோம்" என்று எதிரிக்குச் சலுகை கொடுத்துப் பார்த்தார். அப்படியும் ஆள் வரவில்லை. அவ்வளவு நன்றாக ஆடியதாலேயே அவருடைய பிழைப்பு போயிற்று!

311 சீட்டு போனபின்...

வேறு வழியில்லாமல் 1970-களின் பிற்பகுதியில் லாஸ் வேகாஸ் நகருக்குப் போனார். பாலைவனத்தின் நடுவே சூதாட்டத்துக்காகவே எழும்பிய ஊர் அது.

அங்கே பாப் ஸ்டூபக் என்ற சூதாட்ட விடுதி முதலாளி 1977-ல் ஒரு பந்தயம் வைத்தார். ஆறு கட்டுச் சீட்டுகளை ஒன்றாகக் கலைப்பது. மொத்தம் 312 சீட்டு. ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போவது. கடைசியில் மிஞ்சும் சீட்டு எது என்று சொல்ல வேண்டும். பந்தயம் ஒரு லட்சம் டாலர்!

311 சீட்டுகள் போயின. மிச்சம் ஒன்று. அது என்ன என்று அங்கர் சொல்லிவிட்டார். ஸ்டூபக் ஒரு லட்சம் டாலரை எண்ணிக் கொடுத்தார்.

அந்த ஊரில் 1970 முதல் ஆண்டுதோறும் ஒரு திருவிழா நடக்கிறது. பென்னி பினியன் என்பவர் தம்முடைய ஹார்ஸ்ஷூ விடுதியில் தொடங்கியது. பெயர், போக்கர் உலகத் தொடர். முக்கியப் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 10 ஆயிரம் டாலர். 1980-ல் 73 பேர் கட்டணம் கட்டி உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவர் ஸ்டூ அங்கர். வயது 26. ஒல்லி உடம்பு. பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பையன்! "அந்தப் பொடியன்" என்றே எல்லோரும் அழைத்தார்கள். இந்த வகைப் போக்கரில் அவருக்கு அனுபவமே கிடையாது.

கடைசியில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். ஒரு பக்கம் பொடியன். எதிர்ப் பக்கம் டாய்ல் பிரன்சன்!

பிரன்சன் யார் என்று சொல்ல வேண்டும். டெக்சாசு மாநிலத்துக்காரர். கல்லூரியில் கூடைப்பந்து வீரர். ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தபோது காலில் பாரம் விழுந்து எலும்பு முறிந்தது, விளையாட்டு போயிற்று. முதுகலைப் பட்டம் பெற்று, அலுவலக இயந்திரங்கள் விற்கும் வேலைக்குப் போனார். வேலைக்குப் போன முதல் நாளே ஒரு சீட்டு மேசையில் உட்கார்ந்தார். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் ஜெயித்தார். வேலையை விட்டுவிட்டார்! பிறகு ஊர் ஊராகப் போய் ஆடினார். சில இடங்களில் ஜெயித்த பணத்தைத் துப்பாக்கியைக் காட்டிப் பிடுங்கிக்கொண்டார்கள். 1962-ல் புற்றுநோய் வந்து, பிழைக்கமாட்டார் என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள். பிழைத்தார். 1976, 1977 இரண்டு ஆண்டும் அவர்தான் உலகச் சாம்பியன்.

இப்படிப்பட்ட பழம்புலியின் எதிரே பொடியன்.

கடைசி ஆட்டம். பிரன்சன் கையில் ஏஸ், 7. மேசையில் மூன்று சீட்டு திறந்தார்கள். ஏஸ், 7, 2! பிரன்சனுக்கு இரண்டு ஜோடி. யாருக்கும் நாக்கில் நீர் ஊறும் சீட்டு. அங்கர் கையில் வெறும் 4, 5. அவருக்கு ஒரு 3 வந்தால் மட்டுமே ஏஸ், 2, 3, 4, 5 என்று வரிசை சேரும். அவர் கண்ணுக்குத் தெரியாத 47 சீட்டில் 3 என்பது நான்கே நான்கு.

பிரன்சன் பந்தயம் கட்டினார். விலகுவதுதான் புத்திசாலித்தனம். பொடியன் விலகவில்லை. ஏன்? 3 வந்துவிட்டால் பெரியவர் தன்னிடம் உள்ள எல்லாவற்றையும் வைத்துவிடுவார் என்று கணக்குப் போட்டார்.

நான்காவது சீட்டு திறந்தது. 3!

பிரன்சன் அத்தனை வில்லைகளையும் நடுவில் தள்ளினார். ஆட்டம் முடிந்தது. அதுவரை அவ்வளவு சிறு வயதில் யாரும் அந்தப் பட்டத்தைப் பெற்றதில்லை. அடுத்த ஆண்டு, 1981-லும் அங்கரே ஜெயித்தார்.

பணம் எங்கே போயிற்று?

வாழ்நாளில் அவர் 3 கோடி டாலர் வரை ஜெயித்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அந்தப் பணம் என்ன ஆயிற்று?

சீட்டு மேசையில் ஜெயித்ததைக் குதிரைப் பந்தயத்தில் விட்டார். குதிரையில் மிஞ்சியதைக் கால்பந்து, கூடைப்பந்துப் பந்தயங்களில் விட்டார். கோல்ப் ஆடத் தெரியாமலே பெரிய பந்தயம் கட்டி ஆடித் தோற்றார். மீதியைக் கொக்கெயின் என்ற போதைப்பொருள் தின்றது. சீட்டில் அவரை வெல்ல ஆள் இல்லை. சீட்டு அல்லாத எல்லாவற்றிலும் அவர் வெறும் ஏமாளி! புதிதாக வாங்கிய காருக்கு எண்ணெய் ஊற்ற வேண்டும் என்பதே தெரியாமல் ஓட்டிக் காரைக் கெடுத்தார் என்று ஒரு கதை உண்டு. யாரோ ஒருவர் அவரிடம் சொல்லியிருக்கக் கூடாதா என்று தோன்றுகிறது. ஆனால் அவர் யார் சொல்லியும் கேட்கிற மனிதர் அல்ல.

பணம் தீர்ந்தபோதெல்லாம் அவருக்கு ஒரு வழி இருந்தது. சீட்டுத் தொழிலில் "முதல் போடுகிறவர்" என்று ஒரு வகையினர் உண்டு. ஆட்டக்காரரின் கட்டணத்தை அவர்கள் கட்டுவார்கள். தோற்றால் நட்டம் அவர்களுடையது. ஜெயித்தால் லாபத்தில் பங்கு. அங்கருக்கு முதல் போட எப்போதும் ஆள் இருந்தது. பெரும்பாலும் பில்லி பாக்ஸ்டர் என்ற மற்றோர் ஆட்டக்காரர். இதனால் அங்கர் ஒரு நாளும் தம் பணத்தைச் சேர்த்துவைக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஆறு பேர் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வைத்துச் சீட்டாடுகிறார்கள். மேசையில் 6 ஆயிரம். விடிய விடிய ஆடுகிறார்கள். பொழுது விடிந்தால் மேசையில் எவ்வளவு இருக்கும்? 6 ஆயிரம் இருக்காது. குறைந்திருக்கும்! ஏன் என்றால் ஒவ்வோர் ஆட்டத்திலும் இடம் கொடுத்தவர் தம் பங்கை எடுத்துக்கொள்கிறார். லாஸ் வேகாஸ் விடுதியானாலும் சரி, செல்போனில் ஆட வைக்கும் கம்பெனியானாலும் சரி, இது மாறாது. ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போகும் ஒவ்வொரு ரூபாயும் இன்னொருவர் வீட்டிலிருந்து வந்தது.

ஏலத்தோட்டத்தில் அப்படி இல்லை. நட்ட செடி மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்குகிறது. ஏறக்குறைய 5 கிலோ பச்சைக் காய் காய்ந்தால் 1 கிலோ. அந்த ஒரு கிலோ அதற்கு முன் உலகத்தில் இல்லாத ஒரு பொருள். விலை ஏழாயிரமோ எழுநூறோ, பாயசத்தில் போட்டால் மணக்கும். பறித்தவருக்குக் கூலி, ஜீப் ஓட்டியவருக்கு வாடகை, சல்லடையில் ரகம் பிரித்தவருக்குச் சம்பளம் என்று நாலு வீட்டில் அடுப்பு எரியும். தோட்டக்காரரும் வானத்தோடும் விலையோடும் பந்தயம் கட்டுகிறார் என்பது மெய்தான். நட்டமும் படுகிறார். ஆனால் அவர் தோற்றால்தான் இன்னொருவர் பிழைக்கலாம் என்ற நிலை அங்கே இல்லை.

நம் ஊர்ச் சட்டம்

"அமெரிக்காக்காரர் கதை நமக்கு எதற்கு?" என்று கேட்கலாம். சீட்டு மேசை இப்போது சட்டைப்பைக்குள் வந்துவிட்டதே!

தமிழ்நாட்டில் சூதாட்டத்துக்கு எதிரான சட்டம் 1930-லேயே வந்தது. 1967-ல் ஆந்திரத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மூன்று சீட்டைப் போல ரம்மி வெறும் அதிர்ஷ்டம் அல்ல. விழும் சீட்டை நினைவில் வைக்க வேண்டும், சேர்ப்பதற்குத் திறமை வேண்டும். ஆகவே அது பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது. அன்று முதல் சீட்டாட்ட வழக்கு எது வந்தாலும் ஒரே கேள்விதான்: திறமையா, அதிர்ஷ்டமா?

செல்போனில் பணம் வைத்து ரம்மி ஆடிக் கடனாளியானவர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தன. 2020-ல் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டது. பிறகு வந்த சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை ஐகோர்ட்டு ரத்து செய்தது. 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் புதிய சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐகோர்ட்டு, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று தடை செய்தது செல்லாது என்றது. 2025-ல் நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்ற விதி வந்தது. அந்த ஆண்டு ஜூனில் ஐகோர்ட்டு இதை ஏற்றுக்கொண்டது. ஆகஸ்டில் நாடாளுமன்றமே ஒரு சட்டம் இயற்றியது. ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் ஆட்டம், திறமையானாலும் அதிர்ஷ்டமானாலும் கூடாது என்பது அந்தச் சட்டம்.

போக்கரில் நம் நாட்டவரும் பெயர் எடுத்திருக்கிறார்கள். 2017-ல் நிபுன் ஜாவா என்ற இந்தியர் லாஸ் வேகாஸ் தொடரில் இரண்டு பட்டங்கள் வென்றார். போக்கரில் திறமை உண்டு என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஸ்டூ அங்கரைவிடத் திறமைசாலி யார்? 311 சீட்டை மனதில் வைத்திருந்தவர்! அவர் பிற்காலத்தைப் பாருங்கள்.

காலி நாற்காலி

மனைவி 1986-ல் விவாகரத்து பெற்றார். வளர்ப்பு மகன் 1989-ல் தற்கொலை செய்துகொண்டான். போதைப்பழக்கம் முற்றியது.

1990-ல் மறுபடியும் உலகப் போட்டி. முதல் இரண்டு நாள் அங்கர் பிரமாதமாக ஆடினார். அவர் முன்னே வில்லைகள் மலை போல் குவிந்தன. மூன்றாம் நாள் காலை நாற்காலி காலி. தேடிப் போனார்கள். விடுதி அறையில் தரையில் மயங்கிக் கிடந்தார். போதைப்பொருள் அளவுக்கு மிஞ்சிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஆள் இல்லாவிட்டாலும் ஆட்டம் நிற்காது. சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பந்தயத்தை அவருடைய குவியலிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அப்படியும் அந்தக் குவியல் சீக்கிரம் தீரவில்லை. உட்கார்ந்து ஆடிய பலர் தோற்று எழுந்து போனார்கள். காலி நாற்காலிக்கு ஒன்பதாவது இடம் கிடைத்தது!

அதன் பிறகு ஏழு ஆண்டுகள் கடன், போதை, ஊரில் கிசுகிசு. "அங்கர் தீர்ந்தார்" என்றார்கள்.

1997. உலகப் போட்டி தொடங்கச் சில நிமிடங்களே இருந்தன. கட்டணம் கட்ட அங்கரிடம் பணம் இல்லை. கடைசி நேரத்தில் பாக்ஸ்டர் 10 ஆயிரம் டாலர் கட்டினார். மொத்தம் 312 பேர். (ஆறு கட்டுச் சீட்டும் 312 என்பது நினைவிருக்கிறதா? தற்செயல்தான்!) முதல் நாள் மேசையிலேயே தூங்கித் தூங்கி விழுந்தார். கொக்கெயினை உறிஞ்சி உறிஞ்சி மூக்கே அமுங்கிப் போயிருந்தது. அதை மறைக்க நீலநிற வட்டக் கண்ணாடி அணிந்திருந்தார். சட்டைப்பையில் மகளின் படம்.

இரண்டாம் நாள் முதல் பழைய அங்கர் திரும்பி வந்தார். எதிரிகளின் சீட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது போல் அவருக்குத் தெரிந்தது. மூன்றாவது முறையாகப் பட்டம்! முதல் இரண்டு பட்டங்களுக்கும் இதற்கும் இடையே 16 ஆண்டுகள். பரிசு 10 லட்சம் டாலர். பாதி பாக்ஸ்டருக்கு, பாதி அங்கருக்கு. மகளின் படத்தை எடுத்துக் காட்டி, இந்த வெற்றி அவளுக்கே என்றார். நாடு முழுவதும் பத்திரிகைகளில் அவர் பெயர்.

5 லட்சம் டாலர் எத்தனை நாள் வரும்? ஒரு குடும்பத்துக்கு வாழ்நாள் பூராவும் வரும். அங்கருக்குச் சில மாதங்கள் வந்தது. பந்தயமும் போதையும் அள்ளிக்கொண்டு போயின.

அடுத்த ஆண்டு, 1998. பாக்ஸ்டர் மறுபடியும் கட்டணம் கட்ட முன்வந்தார். சாம்பியன் தம் பட்டத்தைக் காக்க வருவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அங்கர் பாக்ஸ்டரிடம், தமக்குக் களைப்பாக இருக்கிறது, ஆட விருப்பமில்லை என்று சொல்லிவிட்டார். தம் கோலத்தை நாலு பேர் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

அன்று 1980-ல் அவரிடம் தோற்ற டாய்ல் பிரன்சன் என்ன ஆனார்? அவரும் ஒன்றும் சந்நியாசி அல்ல. அவரும் பந்தயத்தில் இழந்திருக்கிறார். நோவாவின் பேழையைத் தேடும் முயற்சிக்குக்கூடப் பணம் போட்டு இழந்தவர்! ஆனால் அவருக்கு 1962-ல் கட்டிய அதே மனைவி, குடும்பம், இரவு ஆடினால் பகலில் உறக்கம், இன்று சரியில்லை என்றால் எழுந்து போகும் பழக்கம். ஆட்ட நுணுக்கங்களைப் புத்தகமாக எழுதி விற்றார். முதுமையிலும் இளைஞர்களோடு உட்கார்ந்து ஆடினார். 2023 மே 14-ந் தேதி, 89-வது வயதில் இறந்தார்.

ஸ்டூ அங்கருக்கு அந்த வயதில் பாதிதான் கிடைத்தது. 1998 நவம்பர் 22-ந் தேதி, லாஸ் வேகாசில் ஒரு மலிவான விடுதி அறையில் கட்டிலில் இறந்து கிடந்தார். பல ஆண்டுப் போதைப்பழக்கத்தால் இதயம் பழுதாகியிருந்தது. வயது 45. சட்டைப்பையில் சுமார் 800 டாலர். வீடு இல்லை, வாசல் இல்லை, சேமிப்பு இல்லை.

அடக்கச் செலவுக்கு நண்பர்களிடம் வசூல் செய்ய வேண்டியதாயிற்று. முன்னின்று வசூலித்தவர் பாப் ஸ்டூபக். 312-வது சீட்டு எது என்ற பந்தயத்தில் அவரிடம் ஒரு லட்சம் டாலர் தோற்ற அதே முதலாளி.